டெல்லியா, மதுரையா, கோட்டையா?

போன ஆவணியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து பேர் என் வக்கீல் அலுவலகத்துக்கு வந்தார்கள். ஊர்ப் பெயர் இங்கே வேண்டாம். சுடுகாட்டுப் பாதைப் பிரச்சினை. ஊருக்குள் போகிற தார்ச்சாலை வழியாகக் காலனிக்காரர்களின் பாடை போகக்கூடாது. அவர்களுக்கென்று இருந்த வண்டிப்பாதையோ பாதிக்கு மேல் பக்கத்து வயல்களுக்குள் கரைந்துவிட்டது. மழைக்காலத்தில் பாடையைத் தோளில் வைத்துக்கொண்டு வரப்பில் நடக்கிறார்கள். மஞ்சள் பை ஒன்றில் மனுக்களைக் கட்டி எடுத்து வந்திருந்தார்கள். கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் கொடுத்த மனுக்களின் ரசீதுகள் மட்டும் பதினொன்று.

அவர்களில் பி.காம். முடித்த தம்பி ஒருவர் கேட்டார்: “எதுக்கு சார் இங்கயே சுத்திக்கிட்டு? நேரா சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிட்டா என்ன? அங்க ஒரு தீர்ப்பு வந்தா நாட்டுக்கே ஆகுமுல்ல?”

தப்பான கேள்வி இல்லை. உரிமைப் பிரச்சினையோடு வருகிறவர்களில் பாதிப் பேர் இதைக் கேட்கிறார்கள். அவர்கள் முன்னால் இருப்பது மூன்று வழிகள்: டெல்லியில் உச்ச நீதிமன்றம், இங்கேயே உயர் நீதிமன்றம் (எங்களுக்கென்றால் அதன் மதுரைக் கிளை), மூன்றாவது, சென்னைக் கோட்டையிலோ நாடாளுமன்றத்திலோ சட்டம் கொண்டுவர வைப்பது. எங்கே ஜெயித்தால் அதிகம் கிடைக்கும் என்று பார்த்துத்தான் எல்லாரும் வழியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். எங்கே தோற்றால் எவ்வளவு போகும் என்று நான் பார்க்கச் சொல்வேன். அதற்குக் காரணம் எழுபத்தைந்து வருட வழக்கு வரலாற்றிலேயே கிடக்கிறது.

டெல்லி

அரசமைப்புச் சட்டத்தின் 32ஆம் பிரிவு, அடிப்படை உரிமை மீறப்பட்டால் நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போகலாம் என்கிறது. அப்படிப் போவதே ஓர் அடிப்படை உரிமை. இந்தப் பிரிவைத்தான் அம்பேத்கர் அரசமைப்பின் ஆன்மா, இதயம் என்று 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் சொன்னார். கூடவே 141ஆம் பிரிவு: உச்ச நீதிமன்றம் சொல்கிற சட்டம் நாட்டிலுள்ள எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும். தம்பி சொன்ன “நாட்டுக்கே ஆகும்” என்பது இதுதான்.

இந்த வழியின் லாபத்தையும் ஆபத்தையும் பார்க்க 1950 மே மாதம் ஒன்றே போதும். குடியரசு பிறந்து நாலு மாதம். சென்னை மாகாண அரசுக்கு எதிராக இரண்டு வழக்குகள் நேராக டெல்லிக்குப் போயிருந்தன. ஒன்று, பம்பாயிலிருந்து வந்த ‘கிராஸ் ரோட்ஸ்’ என்ற இடதுசாரி வார இதழ் சென்னை மாகாணத்துக்குள் வரக்கூடாது என்ற தடையை எதிர்த்து ரொமேஷ் தாப்பர் போட்டது. அரசுத் தரப்பு அன்றே கேட்டது, முதலில் சென்னை உயர் நீதிமன்றத்துக்குத்தானே போயிருக்க வேண்டும், ஏன் இங்கே வந்தார் என்று. அடிப்படை உரிமைகளுக்குக் காவல் நிற்கவே இந்த நீதிமன்றம் இருக்கிறது, அப்படியெல்லாம் திருப்பி அனுப்ப முடியாது என்று நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். மே 26 அன்று தடை ரத்தானது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நம் பக்கத்துக்காரரான பதஞ்சலி சாஸ்திரி.

அதற்குச் சரியாக ஒரு வாரம் முன்னால், மே 19 அன்று, இன்னொன்றுக்குத் தீர்ப்பு வந்திருந்தது. சென்னை மாகாணத்தில் தடுப்புக் காவலில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலனின் வழக்கு. ஒருவரைச் சிறையில் வைக்கிற நடைமுறை நியாயமானதாக இருக்க வேண்டாமா என்பது அவர் தரப்புக் கேள்வி. சட்டமன்றம் ஒரு நடைமுறையை இயற்றியிருந்தால் போதும், அது நியாயமா என்று உயிரையும் சுதந்திரத்தையும் காக்கும் 21ஆம் பிரிவை வைத்து நாங்கள் பார்க்க மாட்டோம் என்றது பெரும்பான்மை. ஆறு பேரில் ஃபசல் அலி ஒருவர்தான் கோபாலனின் வாதத்தை ஏற்றார்.

சரி, ஒன்றில் வெற்றி, ஒன்றில் தோல்வி என்று கணக்கு நேராகிவிட்டதா? இல்லை. ‘கிராஸ் ரோட்ஸ்’ வெற்றி பதின்மூன்று மாதம்தான் முழுசாக நின்றது. 1951 ஜூனில் வந்த முதல் அரசமைப்புத் திருத்தம், பேச்சுரிமைக்கு விதிக்கக்கூடிய கட்டுப்பாடுகளில் பொது ஒழுங்கையும் சேர்த்து அதன் பாதியைத் திரும்ப எடுத்துக்கொண்டது. கோபாலன் தோல்வியோ கிட்டத்தட்ட இருபத்தெட்டு வருடம் நின்றது. 1978 ஜனவரியில் மேனகா காந்தியின் பாஸ்போர்ட் வழக்கில்தான், நடைமுறை என்றால் அது நியாயமானதாக, தன்னிச்சை இல்லாததாக இருக்க வேண்டும் என்று ஏழு நீதிபதிகள் அமர்வு சொன்னது. இடைப்பட்ட காலத்தில் காவலில் வைக்கப்பட்டவர்கள் எந்தக் கீழ் நீதிமன்றத்துக்குப் போனாலும் மேசைமேல் கோபாலன் தீர்ப்பு இருந்திருக்கும். மேல்முறையீடு செய்ய மேலே யாரும் இல்லை.

உச்ச நீதிமன்றத்தில் தோற்பது என்றால் இதுதான். மனு போட்டவரோடு நிற்காது. அவர் பெயரே கேள்விப்படாதவர்கள், இன்னும் பிறக்காதவர்கள் எல்லாரும் சேர்ந்து தோற்கிறார்கள்.

இதில் மிக மோசமானது நெருக்கடிநிலைக் காலத்து வழக்கு. விசாரணையில்லாமல் உள்ளே வைக்கப்பட்டவர்கள் ஆட்கொணர்வு மனு போடலாம் என்று ஒன்பது உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருந்தன. அந்தக் காலத்தில் அப்படிச் சொல்ல நெஞ்சுரம் வேண்டும். 1976 ஏப்ரல் 28 அன்று ஜபல்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒன்பதையும் ஒரே வீச்சில் துடைத்துவிட்டது. நால்வர் ஒருபக்கம், எச்.ஆர்.கன்னா மட்டும் மறுபக்கம். அந்த மாறுபட்ட தீர்ப்புக்கு அவர் கொடுத்த விலை தலைமை நீதிபதி நாற்காலி. அந்த ஓட்டையை முதலில் அடைத்தது நாடாளுமன்றம்தான்: 1978இன் 44ஆவது திருத்தம், நெருக்கடிநிலையிலும் 20, 21 ஆகிய பிரிவுகளை நிறுத்திவைக்க முடியாது என்று எழுதிவைத்தது. தன் பிழையைத் தானே ரத்து செய்ய உச்ச நீதிமன்றத்துக்கு 2017 ஆகஸ்ட் வரை ஆனது. அந்தரங்க உரிமை வழக்கில் அதை எழுதியவர் டி.ஒய்.சந்திரசூட்; 1976 பெரும்பான்மையில் கையெழுத்திட்ட நால்வரில் ஒருவர் அவருடைய அப்பா. நாற்பத்தொரு வருடத்துக்கு அப்புறம் மகன் வந்து திருத்த வேண்டியிருந்தது.

ஒன்றை மறைக்கக்கூடாது. ஜபல்பூர் வழக்கில் டெல்லிக்குப் போனது கைதிகள் இல்லை, அரசு. நாம் கீழேயே நின்றாலும் எதிர்த்தரப்பு நம்மை மேலே இழுத்துப்போக முடியும். இதற்குக் கடைசியில் வருகிறேன்.

இன்னொரு சங்கதியும் உண்டு. உச்ச நீதிமன்றம் என்றால் எல்லா நீதிபதிகளும் சேர்ந்து உட்காருவதாகப் பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான வழக்குகளை இரண்டு பேர்தான் கேட்கிறார்கள். இரண்டு பேர் போதும், ஒரு சட்டத்தின் பல்லைப் பிடுங்க. 2018 மார்ச் 20 அன்று இருவர் அமர்வு, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் உடனடிக் கைதுக்கும் வழக்குப் பதிவுக்கும் புதுத் தடைகளைப் போட்டது. அந்த வழக்கைத் தலித் அமைப்பு எதுவும் கொண்டுபோகவில்லை. குற்றம்சாட்டப்பட்ட ஓர் அதிகாரியின் மேல்முறையீடு அது. ஏப்ரல் 2 பாரத் பந்த் நடந்தது, உயிர்கள் போயின, ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்திப் பழைய நிலையைக் கொண்டுவந்தது. மறு வருடம் அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் தன் உத்தரவுகளைத் திரும்பப் பெற்றது.

உரிமையைக் கூட்டுகிற அதே கை குறைக்கவும் செய்யும். அமெரிக்காவில் கறுப்பினத்தாருக்குத் தனி ரயில்பெட்டி சரிதான் என்று 1896இல் பிளெஸ்ஸி வழக்கில் சொன்ன அதே நீதிமன்றம்தான் 1954இல் பிரவுன் வழக்கில் தனிப் பள்ளி செல்லாது என்றது. நடுவில் ஐம்பத்தெட்டு வருடம். கறுப்பினத்தார் தரப்பு வழக்கறிஞர் தர்குட் மார்ஷலும் அவருடைய ஆசிரியர் சார்லஸ் ஹூஸ்டனும் எடுத்தவுடன் பிளெஸ்ஸியில் கை வைக்கவில்லை. சட்டக் கல்லூரி, மேற்படிப்பு என்று தோற்றாலும் தாங்கக்கூடிய சின்ன வழக்குகளாக இருபது வருடம் அடுக்கிக்கொண்டே போனார்கள். அப்படி ஜெயித்தும் பத்து வருடம் கழித்துத் தென் மாநிலங்களில் வெள்ளைக்கார மாணவர்களோடு உட்கார்ந்து படித்த கறுப்பினப் பிள்ளைகள் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. 1964 சிவில் உரிமைச் சட்டம் வந்து, பாகுபாடு காட்டும் பள்ளிக்கு மத்திய அரசின் பணம் கிடையாது என்ற பிறகுதான் கதவு நிஜமாகத் திறந்தது.

மதுரை

உயர் நீதிமன்றத்தின் அதிகாரம் 226ஆம் பிரிவில் இருக்கிறது. இது டெல்லியைவிடச் சின்னது என்று நினைப்பவர்கள் அந்தப் பிரிவை ஒருமுறை படிக்க வேண்டும். 32ஆம் பிரிவு அடிப்படை உரிமைக்கு மட்டும். 226 அடிப்படை உரிமைக்கும் ஆகும், ‘வேறு எந்த நோக்கத்துக்கும்’ ஆகும். தாசில்தார் பாதையை அளக்கவில்லை என்பது வரை அதில் அடங்கும். டெல்லியில் இப்போது நேராகப் போனால் பெரும்பாலும் முதல் கேள்வியே “உயர் நீதிமன்றம் போனீர்களா?” என்பதுதான். 32ஆம் பிரிவு மனுக்கள் குவிவதைக் குறைக்கப் பார்க்கிறோம் என்று 2020 நவம்பரில் தலைமை நீதிபதியாக இருந்த எஸ்.ஏ.பாப்டே திறந்த நீதிமன்றத்திலேயே சொன்னார். தாப்பருக்குத் திறந்த கதவு இன்று அவ்வளவு அகலமாக இல்லை.

செலவுக் கணக்கையும் பார்த்துவிடலாம். வந்த ஐவரிடம் இருந்த கிராமக் கணக்கு, புல வரைபடம், அடங்கல் நகல், பஞ்சாயத்துத் தீர்மானம் எல்லாம் தமிழ். டெல்லிக்கென்றால் பக்கம் பக்கமாக மொழிபெயர்க்க வேண்டும், அங்கே பதிவு பெற்ற வழக்கறிஞரைப் பிடிக்க வேண்டும், வாய்தாவுக்கு வாய்தா ரயில் ஏற வேண்டும். மதுரையில் நீதிபதி வரைபடத்தை வாங்கித் தானே படிப்பார். சந்தேகம் வந்தால் வழக்கறிஞர் ஆணையர் ஒருவரை நியமித்து, போய்ப் பார்த்துவிட்டு வா என்பார். 2004 ஜூலையில் மதுரைக் கிளை திறப்பதற்கு முன் குமரிக்காரர்கள்கூடச் சென்னைக்குத்தான் ஓடினார்கள். இன்று காலையில் பஸ் ஏறினால் விசாரணையைப் பார்த்துவிட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம். இதெல்லாம் சட்டப் புத்தகத்தில் இருக்காது. ஆனால் வழக்கை நடத்துகிறவர்கள் பாதியிலேயே சோர்ந்துபோவது இதனால்தான்.

இதையெல்லாம்விட முக்கியம், இங்கே தோற்றால் மேலே இன்னும் படி இருக்கிறது. தனி நீதிபதி, இருவர் அமர்வு, அப்புறம் டெல்லி. சென்னையில் தோற்ற வாதம் கேரளத்திலோ பம்பாயிலோ ஜெயிக்கலாம்.

மூன்று வழிகளின் வேறுபாட்டை, தன்பாலின ஈர்ப்பாளர், திருநர் உள்ளிட்ட பால்புதுமையர் வழக்குகளைப் போல் பளிச்சென்று காட்டும் வரிசை வேறில்லை, அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன். நாஸ் அறக்கட்டளை 2001இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில்தான் மனு போட்டது. உனக்கென்ன பாதிப்பு என்று 2004இல் தள்ளுபடி ஆனது. உச்ச நீதிமன்றம் 2006இல், இல்லை, வழக்கைக் கேள் என்று திருப்பி அனுப்பியது. 2009 ஜூலை 2 அன்று வெற்றி: தன்பாலின உறவைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு மனம் ஒப்பிய வயது வந்தவர்களுக்குப் பொருந்தாது. மத்திய அரசு மேல்முறையீடே போகவில்லை. ஆனால் வேறு தனிநபர்களும் மத அமைப்புகளும் போனார்கள். 2013 டிசம்பர் 11 அன்று இரண்டு நீதிபதிகள் எல்லாவற்றையும் தலைகீழாக்கினார்கள். பாதிக்கப்படுகிறவர்கள் மிகச் சிறிய பகுதியினர்தான் என்பதையும் ஒரு காரணமாக எழுதினார்கள். சீராய்வு மனுவும் தள்ளுபடி. 2018 செப்டம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் ஒருமனதாகத் திருத்தினார்கள். இந்த அடி ஐந்து வருடத்துக்குள் ஆறிவிட்டது என்றால், நடுவில் அந்தரங்க உரிமைத் தீர்ப்பு வந்து வழிவிட்டதால்தான். எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது.

அடுத்தது திருமண உரிமை. டெல்லி, கேரளம் என்று பல உயர் நீதிமன்றங்களில் தனித்தனியாக நடந்துகொண்டிருந்த மனுக்களை 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒட்டுமொத்தமாகத் தன்னிடம் எடுத்துக்கொண்டது. அன்று கொண்டாடியவர்கள் உண்டு. எனக்கு வயிற்றைக் கலக்கியது. 2023 அக்டோபர் 17 அன்று, திருமணம் செய்துகொள்வது அடிப்படை உரிமையல்ல, இதை நாடாளுமன்றம் பார்த்துக்கொள்ளட்டும் என்று தீர்ப்பு வந்தது. அத்தனை உயர் நீதிமன்ற வாசல்களும் ஒரே நாளில் மூடின.

இப்போது இந்தப் பக்கம் பாருங்கள். திருநங்கை ஒருவருக்கும் ஆண் ஒருவருக்கும் தூத்துக்குடியில் கோயிலில் கல்யாணம் நடந்தது, பதிவாளர் பதிவு செய்ய மறுத்தார். அவர்கள் 377 பேசவில்லை, திருமண உரிமைத் தத்துவம் பேசவில்லை, “பதிவு செய்யச் சொல்லுங்கள்” என்று மட்டும் மதுரைக் கிளையில் கேட்டார்கள். 2019 ஏப்ரலில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், இந்துத் திருமணச் சட்டத்தில் ‘மணமகள்’ என்ற சொல்லுக்குள் திருநங்கையும் அடக்கம் என்றார். போகிற போக்கில், ஆண், பெண் என்று பிரிக்க முடியாத உடலமைப்போடு பிறக்கும் இடைப்பால் குழந்தைகளுக்குத் தேவையில்லாமல் அறுவை சிகிச்சை செய்வதை நிறுத்தச் சொன்னார். அதே வருடம் ஆகஸ்டில் தமிழக அரசு அதற்கு அரசாணை போட்டது. 2021இல் இன்னொன்று. மதுரையிலிருந்து வீட்டுக்குப் பயந்து சென்னைக்கு ஓடிய இரண்டு பெண்கள் கேட்டது போலீஸ் தொந்தரவு கூடாது என்பது மட்டும். நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயம் தனக்கே புரியவில்லை என்று ஒப்புக்கொண்டு, உளவியல் ஆலோசகரிடம் போய் உட்கார்ந்துவிட்டு வந்து தீர்ப்பு எழுதினார். பாலீர்ப்பை ‘மாற்றும்’ வைத்தியத்துக்குத் தடை வந்தது. தொடர்ந்து போலீஸ் நடத்தை விதி திருத்தப்பட்டது, மரியாதையான தமிழ்ச் சொற்பட்டியலை அரசு அரசிதழில் வெளியிட்டது. கேட்டது கைப்பிடி, கிடைத்தது மூட்டை.

2023இல் டெல்லி திருமண உரிமையை மறுத்தபோதும், திருநங்கை ஓர் ஆணை மணப்பது இப்போதுள்ள சட்டப்படியே செல்லும் என்பதை ஐவருமே ஏற்றார்கள். தூத்துக்குடித் தம்பதி மதுரையில் வாங்கியது பிழைத்துக்கொண்டது. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், குடும்பம் உண்டாவதற்குத் திருமணம் ஒன்றே வழியல்ல என்று ஒரு ஆட்கொணர்வு மனுவில் சொல்லி, டெல்லி மூடிய கதவின் ஓரத்தில் ஒரு சன்னலைத் திறந்தது.

இந்த வழியின் குறைகளும் எனக்குத் தெரியும், தினமும் அதோடுதான் குடித்தனம். உத்தரவு வாங்கிவிட்டு அதை அமல்படுத்த அவமதிப்பு வழக்குப் போடுவது எங்களுக்குப் பாதிப் பிழைப்பு. நீதிபதி மாறினால் காற்றும் மாறும். சென்னையில் சொன்னது ஒசூர் தாண்டினால் வெறும் மேற்கோள். உயர் நீதிமன்றமும் கெடுதல் செய்யும், அதற்கு உதாரணம் அடுத்த வழியிலேயே வருகிறது.

கோட்டை

புரோகிதர் இல்லாமல், மாலை மாற்றி நடந்த சுயமரியாதைத் திருமணங்கள் சட்டப்படி செல்லாது என்று 1950களில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு சொத்து வழக்கில் சொல்லிவிட்டது. ஆயிரக்கணக்கான தம்பதிகளின் கல்யாணம் ஒரே நாளில் கேள்விக்குறி ஆனது. பிள்ளைகள் வாரிசா இல்லையா என்பதுவரை போனது. இதை எந்த நீதிமன்றமும் சரிசெய்யவில்லை. 1967இல் அண்ணா ஆட்சிக்கு வந்த கையோடு இந்துத் திருமணச் சட்டத்தில் 7-அ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார். அதற்கு முன்னால் நடந்த திருமணங்களும் செல்லும் என்று சேர்த்தே எழுதினார்கள். எந்த ரிட் மனுவாலும் இதை இவ்வளவு சுத்தமாகச் செய்திருக்க முடியாது. பழையதையும் சரிசெய்து, எல்லாருக்கும் ஒரே நாளில், பதிவாளருக்குப் புரிகிற வார்த்தையில் வந்தது.

1989இல் பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பிறப்பால் பங்கு கொடுத்த தமிழ்நாட்டுத் திருத்தமும் அப்படித்தான். மத்திய அரசு அதே காரியத்தைச் செய்ய 2005 ஆனது. ஆனால் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்குச் சொத்துரிமை தீர்மானம் போட்டது 1929இல். அறுபது வருடம்! கோட்டை வழி மெதுவானது என்று சொன்னால் அது மரியாதைக்குச் சொல்வது.

மெதுவாவது பரவாயில்லை. ஓட்டு பலம் இல்லாதவர்களுக்கு இந்தக் கதவு திறப்பதே அபூர்வம். திருநர் உரிமைக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் மசோதா 2015இல் மாநிலங்களவையில் நிறைவேறியது, மக்களவையைத் தாண்டவில்லை. கடைசியில் 2019இல் வந்த சட்டம், தன் பாலினத்தைத் தானே முடிவு செய்யலாம் என்ற 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்பையே ஓரளவு பின்னுக்கு இழுத்து, கலெக்டரிடம் போய்ச் சான்றிதழ் வாங்கு என்றது. திருநர் மீதான பாலியல் குற்றத்துக்கு அதிகபட்சம் இரண்டு வருடம் என்றும் எழுதியது. நீதிமன்றம் கொடுத்ததைச் சட்டமன்றம் குறைப்பதும் உண்டு என்பதற்கு ஷா பானு வழக்கு இன்னும் பழைய சாட்சி. விவாகரத்தான அந்த முஸ்லிம் பெண்ணுக்கு 1985இல் ஜீவனாம்சம் கிடைத்தது, 1986இல் நாடாளுமன்றம் அதைச் சுருக்கியது. 2001இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லும் என்று சொல்லிக்கொண்டே, விவாகரத்தான பெண்ணின் வருங்காலத்துக்கும் போதுமானதைக் கொடுக்க வேண்டும் என்று அதற்குப் பொருள் சொன்னது. கெட்டிக்காரத்தனம் என்றால் அதுதான்.

ஆனாலும் சட்டம் கொடுக்கிற ஒன்று தீர்ப்பிடம் இல்லை: ஆள், பணம், பொறுப்பு. வேலையிடத்துப் பாலியல் தொல்லைக்கு விசாகா நெறிமுறைகள் 1997இல் வந்தன. தீர்ப்பு அருமையானது. பதினாறு வருடம் கழித்து 2013இல் சட்டம் வந்து, பத்துப் பேர் வேலை செய்கிற இடத்தில் குழு இல்லையென்றால் ஐம்பதாயிரம் வரை அபராதம் என்ற பிறகுதான் பல முதலாளிகளுக்கு அப்படியொன்று இருப்பதே தெரிந்தது. சாக்கடைக் குழி மரணங்களில் சட்டமும் இருக்கிறது, தீர்ப்பும் இருக்கிறது. 2014இல் பத்து லட்சம் என்றார்கள், 2023இல் முப்பது லட்சம் ஆக்கினார்கள். இன்னும் குழிக்குள் ஆள் இறங்குகிறார். அந்த மரணங்கள் அதிகம் பதிவாகும் மாநிலங்களில் நம்முடையதும் ஒன்று. அங்கே நான் சொல்லும் மூன்று வழியுமே தோற்று நிற்கிறது என்பதையும் எழுதிவிட வேண்டும்.

அப்போ எது?

மனுவை மூன்றாகப் பிரித்துப் பார்ப்பேன். சட்டம் ஏற்கெனவே நம் பக்கம் இருந்து, அதிகாரி அசையவில்லை என்றால் உயர் நீதிமன்றம். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது. சட்டமே இல்லை, ஆனால் கணிசமான பேருக்குத் தேவை, ஓட்டும் இருக்கிறது என்றால் கோட்டை. அருந்ததியர் உள்ஒதுக்கீட்டைப் பாருங்கள். பட்டியல் சாதிகளை உட்பிரிக்கக் கூடாது என்று 2004இல் சின்னையா வழக்கில் ஐந்து நீதிபதிகள் சொல்லியிருந்தும், 2009இல் தமிழ்நாடு 18 சதவீதத்துக்குள் 3 சதவீதம் என்று சட்டம் போட்டது. அதற்குள் பிள்ளைகள் படித்தார்கள், வேலைக்குப் போனார்கள். 2024 ஆகஸ்ட் 1 அன்று ஏழு பேர் அமர்வு 2004 தீர்ப்பைத் தள்ளி, உள்ஒதுக்கீடு செல்லும் என்றது. யாராவது 2005இலேயே ஆவேசமாக டெல்லிக்குப் போயிருந்தால் அடி இன்னும் கெட்டியாக விழுந்திருக்கும்.

டெல்லி எப்போது? சட்டமே நம்மை நசுக்குகிறது, நமக்கு ஓட்டு பலம் இல்லை, ஒன்றிரண்டு உயர் நீதிமன்றங்கள் நம் பக்கம் எழுதிவிட்டன, தோற்றாலும் இப்போதிருப்பதைவிட மோசமாகாது என்ற நாலும் கூடும்போது. நாலில் ஒன்று குறைந்தாலும் நான் பொறுத்திருப்பேன். உயிருக்கு ஆபத்து, மறுநாளே வீட்டை இடிக்கப்போகிறார்கள் மாதிரியான அவசரங்கள் வேறு. அதற்கு எந்தக் கணக்கும் பார்ப்பதில்லை, எங்கே ஸ்டே கிடைக்குமோ அங்கே ஓடுவதுதான்.

மஞ்சள் பைக்காரர்களிடம் இவ்வளவும் சொல்லவில்லை. 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்திருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தம், சுடுகாட்டை மற்றவர்களோடு சமமாகப் பயன்படுத்த விடாமல் தடுப்பதைக் குற்றம் என்றே பெயர் சொல்லி எழுதியிருக்கிறது. புதுசாக எந்த உரிமையையும் யாரும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை என்று மட்டும் சொன்னேன். ஸ்டேஷனில் புகார் ஒன்று. மதுரைக் கிளையில் மேண்டமஸ் ரிட் ஒன்று, அதாவது அதிகாரியைத் தன் கடமையைச் செய்யச் சொல்லக் கேட்கும் மனு. ரிட்டில் கேட்டது இரண்டே வரி. கிராம வரைபடப்படி பாதையை அளந்து ஆக்கிரமிப்பை எடுக்க வேண்டும், அதுவரை தார்ச்சாலை வழியாகப் போகப் பாதுகாப்புத் தர வேண்டும்.

“அப்போ டெல்லி வேண்டாமா சார்?” என்றார் தம்பி, கொஞ்சம் ஏமாற்றமாக.

“நாம போக வேண்டாம். இங்க ஜெயிச்சு அவங்க போனா, நமக்குச் சொல்லாம ஸ்டே வாங்கிடக் கூடாதுல்ல, அதுக்கு அங்க ஒரு கேவியட் போட்டு வைப்போம்” என்றேன். அவர் அந்த வார்த்தையை போனில் குறித்துக்கொண்டார்.

கூட வந்திருந்த பெரியம்மா அதுவரை எதுவும் பேசவில்லை. எழுந்து போகும்போது, “ஐப்பசி மழைக்கு முன்னாடி அளந்துருவாகளா தம்பி?” என்று மட்டும் கேட்டார். நோட்டீஸ் போயிருக்கிறது. பதில் மனு போட அரசுத் தரப்பு நாலு வாரம் வாய்தா வாங்கியிருக்கிறது.